சி தையன் என்று யாரும் இல்லை

அந்த எடைமேடை அறை எட்டடி நீளம், ஆறடி அகலம். டேப் வைத்து அளந்து குறித்திருக்கிறேன். வத்தலக்குண்டு சாலையைப் பார்த்துக் கம்பி போட்ட ஒரே ஒரு ஜன்னல். கதவைத் திறந்தால் சிறுமலை தெரியும். ஆனால் லாரிப் புழுதி உள்ளே வரும் என்பதால் கதவு சாத்தியே இருக்கும். மேசைமேல் இரண்டு திரைகள். இடது திரை எடைமேடைக்கு. லாரி மேடையில் ஏறினால் அதில் சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும். வலது திரை, அங்கே எடை போடுகிற பெண்ணுடையது. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஏழு மணி வரை, ஞாயிறு தவிர்த்து, அந்த இரண்டு திரைகளுக்கும் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார்.

மேடை அவருடைய தாய்மாமனுக்குச் சொந்தம். முன்பு இருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். "பதினஞ்சு நாளு மட்டும் பாத்துக்க ஆத்தா, அதுக்குள்ள ஆளப் புடிச்சிர்றேன்" என்று மாமா அவரைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். எதிர்ப்புற மாட்டுத்தீவனக் குடோனுக்கு நான் சூப்பர்வைசராக வந்தபோது அந்தப் பதினைந்து நாள் மூன்று வருடமாகியிருந்தது. அதன் பிறகு நான் பார்த்தது ஆறு வருடம்.

முதல் நாள் நான் அவரிடம் கேட்டது எல்லா எடைமேடைகளிலும் சாதாரணமாக நடக்கிற ஒன்று. சரக்கோடு ஒரு முறை எடை போட்டு, இறக்கிவிட்டுக் காலி வண்டியை இன்னொரு முறை எடை போட்டு, இரண்டையும் கழித்தால் சரக்கின் எடை. டிரைவருக்கு அவசரம். போன வாரச் சீட்டில் காலி எடை இருக்கிறதே, அதையே போட்டுக்கொள்ளலாமே என்றேன்.

"அது போன வாரத்து வண்டிண்ணே."

"வண்டி அதேதாம்மா. நம்பரப் பாரு."

"டீசல் அம்புட்டேதான் இருக்கா? ஸ்டெப்னிய கழட்டி வைக்கலையா? நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை.

"அப்ப இறக்கிட்டு வரச் சொல்லுங்க. நான் இங்கனதான இருக்கப்போறேன்."

'நான் இங்கனதான இருக்கப்போறேன்' என்பதை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்லிவிடுவார். குறையாகச் சொல்கிறாரா, கிண்டலாகச் சொல்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

எடை போடும்போது வண்டியில் யாரும் இருக்கக் கூடாது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரிக்காரர் ஒருவர் இறங்காமல் இருக்கையிலேயே இருந்துகொண்டு, "ஏனுங்க அம்மணி, நா ஒருத்தன் உக்காந்திருந்தா என்னாயிருமுங்க?" என்றார்.

"எழுவது கிலோ ஆயிரும்."

அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். திரையில் சரியாக எழுபது குறைந்தது. "என்ற பொண்டாட்டிகூட இத்தன கரெக்டா சொன்னதில்லீங்க" என்றார் அந்த மனிதர். "மேடை பத்துப் பத்தாத்தான் காட்டும். நீங்க அறுவத்தேழாக்கூட இருக்கலாம். அத நான் சொல்ல முடியாது" என்று இவர் சீட்டை நீட்டினார்.

வலது திரையைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. ரிதம் கேம் என்று ஒரு வகை விளையாட்டு இருக்கிறது. பாட்டு ஓடும், திரையில் மேலிருந்து சிறு சிறு கட்டைகள் விழும், தாளம் விழுகிற அதே கணத்தில் கட்டையைத் தட்ட வேண்டும். முந்தினாலும் தவறு, பிந்தினாலும் தவறு. இந்த விளையாட்டுகளையும் அவற்றில் வரும் பாட்டுகளையும் பற்றி, ரசிகர்களே சேர்ந்து இணையத்தில் எழுதிய ஒரு விக்கியை அவர் நடத்தினார். விக்கி என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எழுதுவதைக் காவல் காக்க நிர்வாகி ஒருவர் வேண்டும். ஆரம்பத்தில் பல நாடுகளைச் சேர்ந்த பதினொரு பேர் நிர்வாகிகளாக இருந்தார்களாம். ஒருவருக்குக் குழந்தை பிறந்தது, ஒருவருக்கு வேலை மாறியது, ஒருவர் வெறுமனே வராமல் போனார். கடைசியில் திண்டுக்கல்லில் லாரி எடை போடுகிற இவர் மட்டும் மிஞ்சினார்.

பாட்டுக்கு ஒரு பக்கம். நிமிடத்துக்கு எத்தனை தாளம், எத்தனை கட்டை, எந்த விளையாட்டில் முதலில் வந்தது, இயற்றியவர் யார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆதாரம். தாளத்தை அவரே இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தட்டிப் பார்ப்பார். அதற்கு முன்னால், விளையாட்டு ஓடும் போனைச் சரிசெய்வார். ஒவ்வொரு போனும் சத்தத்தைக் கொஞ்சம் தாமதமாகத்தான் வெளியே விடும் என்றும், மதியம் சூடானால் அந்தத் தாமதம் மாறும் என்றும் அவர்தான் எனக்குச் சொன்னார். இரண்டு லாரிகளுக்கு நடுவில் செத்த நேரம் கிடைத்தால் ஒரு பாட்டு. பாதியில் லாரி வந்துவிட்டால், திரும்ப முதலில் இருந்து.

அவர் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் விரல் பெஞ்சில் தட்டிக்கொண்டே இருக்குமாம். திங்கட்கிழமை எனக்கு அறிக்கை வரும். "நேத்து நிமிசத்துக்குத் தொண்ணூத்தாறு தாளத்துல ஆரம்பிச்சாங்கண்ணே. காணிக்கப் பாட்டு வரும்போது நூத்திப் பத்து. வெயிலு, எல்லாரும் வீட்டுக்குப் போற அவசரம்."

"பாட்டு நல்லா இருந்துச்சா?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே."

தெரியாததைத் தெரியாது என்று சொல்வார். ஆனால் அந்தச் சொல்லை விக்கியில் எழுதும்படி ஆனால் அவருக்குப் பொறுக்காது. சில பழைய விளையாட்டுகளில் இயற்றியவர் பெயரே இருக்காது. அங்கே 'தெரியவில்லை' என்று போட வேண்டும். போட்டுவிட்டு, பல் இடுக்கில் ஏதோ மாட்டிக்கொண்டதுபோல அன்று முழுவதும் இருப்பார். முகம் தெரியாத பழைய இசைக்காரர்களுக்கெல்லாம் கடிதம் எழுதுவார். பெரும்பாலும் பதில் வராது.

என்னுடைய பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நான் தேதி குறிக்கிறவன். எந்தத் தெருவுக்கு எப்போது விளக்கு வந்தது, எந்த பஸ் எந்த ஊர் வழியாகப் போவதை எப்போது நிறுத்தியது என்பதெல்லாம் நோட்டில் எழுதிவைப்பேன். ஒரு சிறுபத்திரிகையில் அவ்வப்போது எழுதுவதும் உண்டு. ஒரு நாள் நோட்டை வாங்கிப் புரட்டியவர் நிமிர்ந்து, "இந்த மண்டபம் கட்டுன வருசம் எங்க பாத்தீங்க?" என்றார்.

"ஒரு விழா மலர்ல போட்டிருந்தான்."

"மலர்ல எழுதுனவரு எங்க பாத்தாரு?"

மறுநாள் சைக்கிளில் போய் மண்டபத்துக் கல்வெட்டைப் பார்த்தேன். இரண்டு வருடம் தவறாக எழுதியிருந்தேன். அன்றிலிருந்து என் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரமாகக் கோடு கிழித்து 'எங்கே பார்த்தேன்' என்று ஒரு பத்தி. இருபத்திரண்டு வருடமாக நோட்டு எழுதியவனுக்கு அதுவரை அது தோன்றவில்லை.

விக்கிக்கு அவர் ஐந்து விதிகள் எழுதியிருந்தார். நான்காவது விதி: நிர்வாகியின் வார்த்தை ஆதாரம் ஆகாது, அச்சிலோ பொதுவிலோ பிறர் வெளியிட்டதே ஆதாரம். "இத எனக்காகத்தாண்ணே போட்டேன். நாளப்பின்ன எனக்கே கொழுப்பு ஏறிரக் கூடாதுல்ல" என்றார்.

அறையை விட்டு அவரால் நகர முடியாது. கழிவறைக்கு நூறடி தள்ளி இருக்கிற டீக்கடைக்குத்தான் போக வேண்டும். அதற்கு இரண்டு லாரிகளுக்கு இடையில் சந்து கிடைக்க வேண்டும். நான் அங்கே இருந்தால், "வாசல்ல நில்லுங்கண்ணே. வண்டி வந்தா நிக்கச் சொல்லுங்க. பட்டனத் தொட்றாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடுவார். ஆறு வருடத்தில், எடையைப் பதிகிற அந்தப் பட்டனை நான் ஒரு முறைகூடத் தொட்டதில்லை. ஒவ்வொரு சித்திரையிலும் மாமா வருவார். ஆள் சீக்கிரம் கிடைத்துவிடும் என்பார். காலண்டரை மாட்டிவிட்டுப் போவார்.

இனி, நடந்ததைச் சொல்கிறேன்.

கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. வெளியே தூறல். நான் சீட்டு வாங்கப் போனபோது அவர் முகம் சரியில்லை. வேறொரு இணையதளம் இவர்களுடைய பக்கங்களை அப்படியே அள்ளித் தன்னுடையதுபோலப் போட்டு, நடுநடுவே விளம்பரமும் வைத்திருந்தது. புகார் அனுப்பினால், நாங்களும் அதே விவரத்தைத் தனியாகச் சேகரித்தோம் என்கிறார்களாம். தாளக் கணக்கு யார் தட்டினாலும் ஒன்றுதானே வரும்.

நான் படித்த ஒன்றைச் சொன்னேன். வரைபடம் போடுகிறவர்கள், திருடுகிறவனைப் பிடிப்பதற்காக, ஊரில் இல்லாத ஒரு சின்னத் தெருவைப் படத்தில் வரைந்துவைப்பார்களாம். அந்தத் தெரு இன்னொருவன் படத்திலும் வந்தால் மாட்டிக்கொண்டான்.

"எங்க படிச்சீங்க?"

"மறந்துபோச்சும்மா."

வேறொரு நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டார். அன்று விட்டுவிட்டார். வலது திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தார். ஜப்பானில் முன்பு வந்த ஒரு விளையாட்டில் உள்ள பாட்டு. பெயரைத் தமிழில் சொன்னால் 'ஈரக் குடை'. இயற்றியவர்: தெரியவில்லை. அந்த விளையாட்டைச் செய்த நிறுவனமே இப்போது இல்லை.

"தெரியாத எடத்துல ஒரு பேரப் போட்டா யாருக்கும் நட்டமில்லண்ணே" என்றார். மேசையில் தேங்காய் லாரி ஒன்றின் சீட்டு கிடந்தது. போகும் இடம் என்ற வரியில் ஆங்கில எழுத்தில் சித்தையன்கோட்டை. அதில் கோட்டையை வெட்டிப் போட்டார். மிச்சத்தை இரண்டாக உடைத்தார். சி தையன்.

"வெளிநாட்டு ஆளு மாதிரியே இருக்குல்லண்ணே."

"ஏதோ பனிமலை ஏறுற ஆளு பேரு மாதிரி இருக்கும்மா."

சிரித்தோம். அவர் பெயரைப் பக்கத்தில் ஏற்றினார். நான் நோட்டில் குறித்தேன்.

வியாழக்கிழமை காலையில் அந்தத் தளத்திலும் சி தையன் வந்துவிட்டார். ஆதாரம் கையில் இருந்ததால் புகார் எடுபட்டது. தை மாதத்துக்குள் திருட்டுப் பக்கங்கள் எல்லாம் இறங்கின. "பேர எடுத்துட்டியாம்மா?" என்று கேட்டேன். "இருக்கட்டும்ணே. இன்னொருத்தன் வருவான்" என்றார். அதுவும் நோட்டில் இருக்கிறது. பொறியை வைத்தவர் அதை எடுக்காமல் விட்டதற்கு அந்தக் காரணம் மட்டும் போதாது என்று எனக்கு அப்போதே பட்டது. வெகுநாள் கழித்து அவரே சொன்னார்: "காலியா இருந்த எடம் நெறஞ்சிருந்துச்சுண்ணே. பாக்க நல்லா இருந்துச்சு." ஒன்றை நல்லா இருந்தது என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அடுத்த இரண்டு வருடத்தில் சி தையன் வளர்ந்தார். அவர் வியட்நாமில் பிறந்தவர் என்று ஒருவர் எழுதினார். இல்லை, பாதி கொரியர் என்றார் இன்னொருவர். ஒரே ஒரு பாட்டோடு நிறுத்திக்கொண்டது ஏன் என்று அரை மணி நேரக் காணொளி வந்தது. "செத்தே போயிட்டாருண்ணே. சின்ன வயசுலயே" என்று இவர் என்னிடம் காட்டினார். அப்போதும் சிரித்தோம். பிறகு ஓர் இணைய இதழ் மறக்கப்பட்ட இசைக்காரர்கள் என்று கட்டுரை போட்டது. அதில் மூன்றாவது ஆள் சி தையன். அன்று அவர் சிரிக்கவில்லை. அன்றே பெயரை எடுத்துவிட்டு, பழையபடி 'தெரியவில்லை' என்று போட்டார். ஒரு மணி நேரத்தில் யாரோ அந்தப் பெயரைத் திரும்பப் போட்டார்கள். ஆதாரம்: அந்த இதழ்.

அதற்கு மறு வாரம் கடிதம் வந்தது. ஜப்பானில் ஒரு துறைமுக ஊரில் பியானோ சுருதி சேர்க்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு முதியவர். மகளின் கணினியிலிருந்து, இயந்திர மொழிபெயர்ப்பில் எழுதியிருந்தார். இவர் எனக்குத் தமிழில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

'ஈரக் குடையை நான் இயற்றியதாகத்தான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். சி தையன் அவர்களை எனக்குத் தெரியாது. அவர் எனக்கு முன்பே அதை இயற்றியிருந்தால், நான் எங்கோ கேட்டதை என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. அவர் குடும்பத்தாரிடம் என் மன்னிப்பைத் தெரிவிக்க முடியுமா?'

படித்து முடித்தபோது மேடையில் ஒரு வைக்கோல் லாரி ஏறி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. அந்த ஆறு வருடத்தில் அவர் ஒரு லாரியைக் காக்கவைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

உடனே பதில் போட்டார். அப்படி ஒருவர் இல்லை, அது நான் வைத்த பொய்ப் பெயர் என்று ஒளிக்காமல் எழுதினார். இரண்டாம் நாள் பதில் வந்தது. 'நன்றி. என்னை ஆறுதல்படுத்த இப்படிச் சொல்கிறீர்கள். எல்லா இடத்திலும் அவர் பெயர்தான் இருக்கிறது. என் மகளும் பார்த்தாள்.'

கடிதத்தோடு, வீட்டில் பழைய கேசட்டில் அவர் வாசித்துப் பதிந்துவைத்ததின் நகலும் வந்திருந்தது. இவர் அதையும் நம்பிவிடவில்லை. போனைச் சரிசெய்தார், விளையாட்டில் உள்ளது, கேசட்டில் உள்ளது இரண்டையும் தட்டிப் பார்த்தார். ஈரக் குடையில் முப்பத்து மூன்றாவது தாளச் சுற்றில் ஓர் அடி இம்மி பிந்தி விழும். விளையாடுகிற எல்லோரும் அந்த இடத்தில் தவறவிடுவார்கள். விளையாட்டைச் செய்தவர்களின் பிழை அது என்றுதான் விக்கியிலேயே எழுதியிருந்தது. முதியவரின் பியானோவிலும் அதே சுற்றில் அதே அடி பிந்தியது. நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஏன் என்று கேட்டு எழுதினார். 'அங்கே நான் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் பாட்டுக்குள் போய்விட்டது' என்று பதில் வந்தது.

"இவருதாண்ணே" என்றார். "பக்கம் திருப்புனது வேற எவனுக்குத் தெரியும்?"

அவருக்குத் தெரிந்துவிட்டது. அது யாருக்கும் பயன்படவில்லை. பெயரை எடுத்தார், மற்றவர்கள் போட்டார்கள். அவரே சேர்த்து, அவரே விதிகளைச் சொல்லிக்கொடுத்த புது ஆட்கள். காரணம் கேட்டார்கள். நான்தான் இட்டுக்கட்டினேன் என்றார். ஆதாரம் கேட்டார்கள். முதியவரின் கடிதத்தைக் காட்டினார். தனிப்பட்ட கடிதம் செல்லாது என்றார்கள். சி தையனுக்கு இதழ் இருக்கிறது, காணொளிகள் இருக்கின்றன. இவருக்கு இவர் வார்த்தை மட்டும் இருந்தது. நான்காவது விதியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்கள்.

ஒரு புதன்கிழமை பொறுமை இழந்து, நிர்வாகிக்கு உரிய அதிகாரத்தால் பெயரை நீக்கிப் பக்கத்தைப் பூட்டினார். அவர் கட்டிக் காத்த விக்கியில் அவர் மேலேயே புகார் போய், அவரை நிர்வாகி பொறுப்பிலிருந்து எடுக்க வாக்கெடுப்பு வந்தது. முடிவு வந்த அன்று நான் கேட்டேன்.

"நீ யாருக்கும்மா போட்ட?"

"எனக்கு எதிராத்தாண்ணே."

"ஏம்மா?"

"விதி சரிதானே. நானா இருந்தா இதுக்கு முந்தியே எடுத்திருப்பேன்."

புதிய நிர்வாகி பக்கத்தைத் திறந்து, சி தையனை உள்ளே வைத்து, மறுபடி பூட்டினார். அந்த ஒரு பக்கத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இவர் இப்போதும் திருத்தலாம். திருத்திக்கொண்டும் இருந்தார். கோயம்புத்தூரில் இப்படிப்பட்ட விளையாட்டுகள் செய்கிற சின்ன நிறுவனம் ஒன்று, பாட்டுகளின் தாளம் பார்க்க அவரை வேலைக்குக் கூப்பிட்டது அந்தச் சமயத்தில்தான். மாமாவே அதிசயமாக, "போயிட்டு வா ஆத்தா, நான் பாத்துக்கிறேன்" என்றார். இவர் போகவில்லை. "அங்க போயி என்னன்னு தட்டுவேன்ணே? நான் சொல்றத யாரு நம்பணும்? அந்தப் பேரு எறங்கட்டும், போறேன்." ஒரு மாதம் பார்த்துவிட்டு அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு நாள், நான் சீட்டு வாங்க நிற்கும்போது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். "அன்னைக்கு நோட்ல எழுதுனீங்கள்ல?"

குடோனுக்குப் போய் நோட்டை எடுத்துவந்தேன். செவ்வாய், கார்த்திகை, 3.40, தூறல். ஈரக் குடை பக்கத்தில் சி தையன் என்று பொய்ப் பெயர். சித்தையன்கோட்டைத் தேங்காய் லாரிச் சீட்டிலிருந்து. யோசனை என்னுடையது. வலது பத்தியில், எங்கே பார்த்தேன்: எடைமேடை அறை.

அவர் அதை இரண்டு முறை படித்தார். விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே படித்தார்.

"நோட்ல இருந்தா செல்லாதுண்ணே. அச்சுல வரணும். எவன் கேட்டாலும் எடுத்துப் பாக்குற மாதிரி. நீங்கதான் பத்திரிகைல எழுதுறீங்களே."

"எழுதுறேன்."

"என் பேரு வரக் கூடாது. வந்தா நானே சொல்லி எழுத வச்சதுன்னு ஆயிரும்."

"நீதானம்மா எழுதச் சொல்ற."

நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். "ஆமா. அதையும் எழுதிருங்க."

அதையும் இங்கே எழுதிவிட்டேன். நான் எழுதாமல் இருந்ததையும் எழுத வேண்டும். மூன்று வருடம் எழுதவில்லை. அவரிடம் வேலை மிகுதி என்றேன், பத்திரிகையில் இடமில்லை என்றேன். உண்மை வேறு. தேதி பிசகாத ஆள் என்று எனக்கு இந்த ஊரில் நாற்பது ஐம்பது பேரிடமாவது ஒரு பெயர் இருக்கிறது. இல்லாத மனிதனை உண்டாக்க யோசனை சொன்னவன் நான் என்று அச்சில் வந்தால், என் மற்றத் தேதிகளை யார் நம்புவார்கள் என்று பயந்தேன். அவருக்கு நேர்ந்தது எனக்கு நேரக் கூடாது என்று நினைத்தேன். அவர் வற்புறுத்தவில்லை. சீட்டை நீட்டும்போது, "எழுதிட்டீங்களாண்ணே?" என்பார். இந்த வாரம் எழுதுகிறேன் என்பேன். "எழுதுங்க. நான் இங்கனதான இருக்கப்போறேன்" என்பார்.

சாலையை அகலப்படுத்தியபோது அந்த எடைமேடை போய்விட்டது. அறை இருந்த இடத்தில் இப்போது தார். பழனிப் பக்கம் பாலசமுத்திரத்தில் மாமா இன்னொரு மேடை போட்டார். அவர் அங்கே போனார். நான் போய்ப் பார்க்கவில்லை. அங்கேயும் அறை எட்டுக்கு ஆறுதான் என்று டிரைவர்கள் சொன்னார்கள். அதை நான் அளக்கவில்லை.

போன மாதம் எங்கள் லாரி ஒன்று பாலசமுத்திரத்தில் எடை போட்டுவிட்டு வந்தது. சீட்டின் முன்பக்கம் எல்லாம் சரியாக இருந்தது: வண்டி எண், சரக்கோடு எடை, காலி எடை, நேரம். பின்பக்கம் பேனாவில் அவர் எழுத்து.

'அண்ணே, அந்தப் பியானோப் பெரியவருக்கு இப்பக் கண்ணு தெரியலயாம். மக வாரா வாரம் அந்தப் பக்கத்தத் தொறந்து படிச்சுச் சொல்லுதாம். இன்னும் அந்தப் பேரு இருக்கான்னு கேக்குறாராம். எழுதிட்டீங்களா?'

எனவே இதைக் குறிக்கிறேன். ஈரக் குடை என்ற பாட்டை இயற்றியவராகச் சொல்லப்படும் சி தையன் என்று யாரும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. சித்தையன்கோட்டை ஆத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஊருக்குப் போன ஒரு தேங்காய் லாரியின் எடைச்சீட்டிலிருந்து அந்தப் பெயரை வெட்டி எடுத்தார்கள். யோசனை சொன்னவன் நான். உண்மையில் இயற்றியவர் பெயரை நான் எழுதவில்லை. அவர் பாட்டு இயற்றியதை நான் பார்த்தவனில்லை. முப்பத்து மூன்றாவது சுற்றில் பக்கம் திருப்பிய இடைவெளியை மட்டும் கேட்டேன். எடைமேடைக்காரரும் அதற்கு மேல் கேட்கவில்லை. "மொதல்ல அந்த எடம் காலியாகட்டும்ணே" என்றுதான் சொன்னார். 'தெரியவில்லை' என்று எழுதுவதற்கு அவர் ஒருவரிடம் கெஞ்சியது அப்போதுதான்.

எங்கே பார்த்தேன்: எடைமேடை அறையில், மேசைக்கு இந்தப் பக்கம், நின்றுகொண்டு. கதவு சாத்தியிருந்தது.